பேர் சொன்னால்தான் கூப்பிடுமாம்

என் புத்தியைச் செருப்பால்தான் அடிக்க வேண்டும். கொழும்பில் வேலை பார்க்கிறவள், மாதத்துக்கு ஒரு தடவை மலைக்கு ஏறி வருகிறவள், ஒரு பால்மாப் பக்கெட்டோ ஒரு சேலையோ வாங்கிக்கொண்டு வந்தோமா போனோமா என்று இருந்திருக்க வேண்டும். அதை விட்டுவிட்டு, பேசினால் பதில் சொல்கிற பெட்டி ஒன்றை வாங்கிக்கொண்டு வந்து தேயிலைத் தோட்டத்து வரிசை வீட்டில், எங்கள் லயத்துக் காம்பராவில் வைத்தேன். அன்றைக்குப் போன நிம்மதி இன்னும் முழுசாகத் திரும்பி வரவில்லை.

பெட்டி என்று நான்தான் சொல்கிறேன். பார்ப்பதற்குத் தேங்காய் மூடியைக் கவிழ்த்து வைத்த மாதிரி இருக்கும். அதற்கு ஒரு பெண் பெயர் உண்டு. அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுவிட்டு நேரம் கேட்டால் நேரம் சொல்லும், பாட்டுக் கேட்டால் பாட்டுப் போடும். இன்னாருக்குக் கோல் எடு என்றால், அவர் போனுக்கு மணி அடிக்க வைக்கும். இந்தக் கடைசி வேலைக்காகத்தான் அதை வாங்கினேன். மற்றதெல்லாம் எனக்கு வேண்டாத தொல்லை.

அம்மாவுக்கு இழுப்பு இருக்கிறது. மழையும் பனிமூட்டமும் சேர்ந்துகொண்டால் நெஞ்சு விசிலடிக்கத் தொடங்கிவிடும். அதனால்தான் கொழுந்து பறிக்கப் போவதையும் நிறுத்தினாள். அப்பா ஹட்டன் டவுனில் ஓட்டோ ஓட்டுகிறார். காலையில் லயத்து ஆட்கள் எல்லாம் மலைக்குப் போய்விட்டால், அம்மா மட்டும் தனியாகக் கிடப்பாள். போன மழைக்காலத்தில் ஒரு நாள் மூச்சு அடைத்துக் கீழே விழுந்துவிட்டாள். அடுத்த காம்பராச் சித்தி அன்றைக்குக் காய்ச்சல் என்று வேலைக்குப் போகாமல் படுத்திருந்ததால் சத்தம் கேட்டு ஓடி வந்தார். சித்திக்குக் காய்ச்சல் வராமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்து நினைத்து எனக்குக் கொழும்பில் சோறு இறங்கவில்லை.

போன் இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது, இருந்து என்ன செய்ய. முப்பது வருஷத்துக்கு மேல் கொழுந்து கிள்ளிய விரல்கள் அம்மாவுடையவை. நுனியெல்லாம் காய்த்து, வெடித்து, கறை ஏறிப் போயிருக்கும். டச் போன் அந்த விரலை மனுஷ விரல் என்றே கணக்கில் எடுப்பதில்லை. அவள் குத்துவாள், தேய்ப்பாள், எச்சில் தொட்டுத் தேய்ப்பாள், அது கல்லாட்டம் இருக்கும். சரி என்று பட்டன் போன் ஒன்று வாங்கிக் கொடுத்தேன். அதைப் பத்திரமாக அரிசி டின்னுக்குள் வைத்து மூடிவிட்டு, சார்ஜ் போடுவதை மறந்துவிட்டாள். விரலே தேவையில்லாத ஒன்று வேண்டும் என்று யோசித்துத்தான் இந்தப் பெட்டியில் போய் விழுந்தேன்.

கொண்டு வந்த அன்றைக்கே ஆரம்பித்தது. எங்கள் காம்பராவில் சிக்னல் பிடிக்கிற இடம் முன்ஜன்னல் ஓரம் ஒன்றுதான். அங்கே சாமிப்படம் இருக்கிறது.

"இதக் கொண்டாந்து சாமிக்கு முன்னுக்கு வைக்கிறியே, நல்லாவா இருக்கு?" என்றாள் அம்மா.

"அங்கதாம்மா சிக்னல் இருக்கு."

"சாமிக்கும் இதுக்கும் ஒரே சிக்னலா?"

ஒரு வழியாகப் படத்தை அரை அடி தள்ளி வைக்கச் சம்மதித்தாள். பெட்டிக்குத் தமிழ் வராது, இங்கிலீஷில்தான் கேட்க வேண்டும். அதற்குத்தான் நான் பயந்தேன். ஆனால் அம்மா அதை ஒரு பொழுதுக்குள் பிடித்துக்கொண்டாள். டைம், வெதர், சோங், ஸ்டொப், கோல். தோட்டத்தில் பாதி வார்த்தை வெள்ளைக்காரன் போட்டுவிட்டுப் போனதுதானே. பெட்டியின் பெயரை எங்கள் வீட்டுப் பிள்ளையைக் கூப்பிடுகிற மாதிரி நீட்டி முழக்கிக் கூப்பிட்டாள். அது பதில் சொன்னதும் அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

அதோடு விட்டாளா, இல்லை. சுவரில் மணிக்கூடு தொங்குகிறது, அதற்கு நேர் கீழே நின்றுகொண்டு பெட்டியிடம் நேரம் கேட்பாள். வெளியே மழை கொட்டும், வாசலில் நின்று மழையைப் பார்த்துக்கொண்டே மழை வருமா என்று கேட்பாள். அது நுவரெலியாவில் லேசான தூறல் என்று சொல்லும். "பாத்தியா, இதுக்கு ஒரு எழவும் தெரியல" என்று அதில் ஒரு சந்தோஷம். சோறு வைத்தால் இருபது நிமிஷத்தில் கூப்பிடு என்று சொல்லிப் பழக்கினேன். அது கூப்பிடும்போது, "பொறு புள்ள, வாரேன்" என்று தமிழில் சொல்லிவிட்டு வேலையைப் பார்ப்பாள். அது கத்திக்கொண்டே இருக்கும். நான் கொழும்பிலிருந்து போனில் பேசும்போதெல்லாம் பின்னால் அந்தச் சத்தம் கேட்கும். நிறுத்தும்மா என்றால், "பாவம், அதுக்கும் பொழுது போகணும்ல" என்பாள்.

லயத்தில் ஒரு காம்பராவுக்கும் அடுத்த காம்பராவுக்கும் நடுவில் இருக்கிற சுவர் கூரை வரைக்கும் போகாது. இந்தப் பக்கம் வெங்காயம் வதக்கினால் அந்தப் பக்கம் தும்முவார்கள். ஆகவே பெட்டி எங்கள் காம்பராவுக்கு மட்டும் வந்த பெட்டியாக இருக்கவில்லை. அடுத்த காம்பராச் சித்தி சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தபடியே அதன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு நேரம் கேட்பார். காலையில் வேலைக்குப் பெயர் கூப்பிடுகிற பெரட்டுக்கு நேரமாகிவிட்டதா என்று தெரிய வேண்டுமாம். அது எங்கள் வீட்டுக்குள்ளிருந்து பதில் சொல்லும். ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் அசந்து தூங்கிக்கொண்டிருக்கும்போது, சித்தி அந்தப் பக்கத்திலிருந்து பக்திப் பாட்டுப் போடச் சொன்னார். அது எங்கள் பக்கத்தில் முழுச் சத்தத்தில் பாடியது. நான் எழுந்து நிறுத்தினேன். அவர் திரும்பப் போட்டார்.

"சித்தி, இது எங்க ஊட்டுப் பெட்டி" என்றேன்.

"தெரியும்டி. ஒங்க ஊட்லதான பாடுது" என்றார்.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். பிளக்கைப் பிடுங்கி வைக்கிறதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. இடி இடித்தால் பிடுங்குவாள், அது நியாயம். துணி துவைக்கப் போனால் பிடுங்குவாள், கடைக்குப் போனால் பிடுங்குவாள், தூங்கும்போது பிடுங்கிவிட்டு மேலே ஒரு துண்டைப் போட்டு மூடுவாள். குளிருமாம். "சும்மா கெடக்கறதுக்கு எதுக்குக் கரண்டு திங்கணும்?" என்று என்னையே கேட்டாள். அம்மா, அது சும்மா கிடக்கத்தான் வாங்கினது, ஒரு நாளைக்கு உனக்கு மூச்சு முட்டும்போது காது கொடுத்துக் கேட்கிறதுக்காகச் சும்மா கிடக்கிறது என்று தொண்டை கிழியச் சொன்னேன். சரி சரி என்றாள். நான் திரும்பிப் பார்க்கும்போது பிளக் கீழே தொங்கியது.

இனி முக்கியமான சங்கதிக்கு வருகிறேன். கோல் எடுக்கப் பழக்கினேன். பெட்டியின் பெயர், பிறகு கோல், பிறகு ஆளுடைய பெயர். மூன்றே வார்த்தை. என் பெயரைச் சொல்லிச் சொல்லிப் பார்த்தாள், என் போன் அடித்தது, எடுத்தேன், ஒரே காம்பராவுக்குள் இருந்துகொண்டு இரண்டு பேரும் ஹலோ சொல்லிக்கொண்டோம். நல்லது.

"இப்ப அப்பாவுக்கு எடு" என்றேன்.

என் போனில் அப்பா என்றுதான் அவருடைய நம்பர் இருந்தது, பெட்டியும் அதையே எடுத்துக்கொண்டது. அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"ஒனக்குத்தான அப்பா. எனக்கா?"

"பெட்டிக்கு அது தெரியாதும்மா. சும்மா சொல்லு."

"கட்டுனவர போய் அப்பான்னு கூப்புடறதா? போடி."

சரி, அதில் ஒரு நியாயம் இருக்கட்டும் என்று அப்பாவுடைய பெயரையே போட்டேன். பெரிய புத்திசாலி நான். அம்மா அப்பாவுடைய பெயரை வாயால் சொல்லி நான் பிறந்ததிலிருந்து கேட்டதே இல்லை என்பது அந்த நேரத்தில் எனக்கு எங்கே போயிற்றோ. அப்பாவுக்கு முருகனுடைய பெயர்களில் ஒன்று. அதனால் அம்மா கோயிலுக்குப் போனால் முருகனைக்கூட அந்தப் பெயரில் கும்பிட மாட்டாள், மலைக்காரரே என்பாள். ஆஸ்பத்திரியில், கிராம சேவகர் ஒபிசில், எங்கே கணவர் பெயர் கேட்டாலும் பேசாமல் அடையாள அட்டையை எடுத்து நீட்டுவாள். கூட நான் இருந்தால் என் விலாவில் இடிப்பாள், நான் சொல்ல வேண்டும். வீட்டில் அவரை ஏங்க என்பாள், இந்தாங்க என்பாள். அதற்கும் அவர் திரும்பவில்லை என்றால் கரண்டியால் சட்டியைத் தட்டுவாள்.

"பேர் சொன்னாத்தாம்மா இது கூப்புடும். அட்டையக் காட்டினா இதுக்குக் கண்ணு இல்ல."

"அப்புடின்னா வேணாம்."

"ஏம்மா, இந்தக் காலத்துல யாரு இதெல்லாம் பாக்குறா? எங்க ஒபிஸ்ல எல்லாரும் புருஷன வா போன்னுதான் பேசுறாங்க."

"பேசட்டும். அவங்க வாய், அவங்க புருஷன்."

நான் விடவில்லை. வீட்டுக்காரர் என்று போட்டேன். அந்த நீள வார்த்தை பெட்டிக்குப் பிடிபடவில்லை. டிரைவர் என்று போட்டேன். "நான் என்னா ஓட்டோ புடிச்சா போறேன்?" என்று கோபித்துக்கொண்டாள். சுவருக்கு அந்தப் பக்கம் சித்தி சிரிக்கிற சத்தம் கேட்டது. அம்மாவுக்கு வெட்கமாகிவிட்டது, அடுப்படிக்குப் போய்விட்டாள். அப்பா இதையெல்லாம் கட்டிலில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டுதான் இருந்தார். "விடு. அவ சொல்ல மாட்டா. அந்த மெசினுதான் ஒரு நாளைக்கு எம் பேரச் சொல்லி அவளுக்குச் சொல்லிக் குடுக்கணும்" என்று கேலி பேசினார். எனக்குப் பஸ்சுக்கு நேரமாகிவிட்டது. அப்பாவுடைய பெயரையே திரும்பப் போட்டு வைத்துவிட்டு, அவசரம் என்று வந்தால் தானாக வாய் வரும் என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டு கொழும்புக்குப் பஸ் ஏறினேன்.

அவசரம் வந்தது. வாய் வரவில்லை.

ஐப்பசி மழை. சித்தியோடு லயத்து ஆட்கள் எல்லாம் மலையில், நான் ஒபிசில் இருந்தேன். போன் அடித்தது, வீட்டுப் பெட்டியிலிருந்து. எடுத்தால் பேச்சில்லை, மூச்சுத்தான். அந்த விசில் சத்தம் எனக்கு நன்றாகத் தெரியும். அடுப்பில் சோறு இருந்ததால் பிளக்கைப் பிடுங்காமல் விட்டிருக்கிறாள், அது ஒன்றுதான் நல்ல காலம்.

"அம்மா, இழுப்புக்கு அடிக்கிற பம்ப் எங்க? பம்ப்ப எடுத்து அடி."

"அடிச்... சுட்டேன்."

"எனக்கு ஏம்மா எடுத்த? நான் கொழும்புல இருக்கேன். அப்பா ஹட்டன்ல இருக்காரு. அவருக்கு எடு. அவரு பேரச் சொல்லும்மா, ஒரு தடவ சொல்லு, ஒன் காலப் புடிக்கிறேன்."

"நீ... சொல்லு."

அவ்வளவுதான். பிறகு மூச்சு மட்டும்.

நான் அப்பாவுக்கு எடுக்க வேண்டுமென்றால் அம்மாவின் கோலை வெட்ட வேண்டும். வெட்டினால் அந்த மூச்சு ஓடுகிறதா நின்றதா என்று தெரியாது. பக்கத்து மேசைப் பிள்ளையின் போனைப் பறித்துக்கொண்டேன், கேட்கவே இல்லை, பறித்தேன். ஒரு காதில் அம்மாவை வைத்துக்கொண்டு மற்றக் காதில் அப்பாவுக்கு அடித்தேன். மணி போய்க்கொண்டே இருந்தது. அவர் வட்டவளைக்கு ஒரு ஹயர் போயிருந்தார். திரும்பவும் அடித்தேன், சிக்னல் இல்லை என்றது. திரும்பவும் அடித்தேன். அந்த வழியில் வளைவுக்கு வளைவு சிக்னல் வரும், போகும். கடவுளே, இந்தப் பாழாய்ப்போன மலையை யார் இப்படி மடித்து மடித்து வைத்தது என்று திட்டினேன். இந்தக் காதில் அம்மாவின் விசில் நீண்டு நீண்டு வந்தது. ஒபிசில் எல்லோரும் எழுந்து என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

அப்பா எடுத்தார். நான் என்ன சொன்னேன் என்று ஞாபகம் இல்லை. ஹயர் போன ஆளை எங்கே இறக்கிவிட்டார் என்றும் தெரியாது. பெட்டி வழியாக ஓட்டோச் சத்தம் கேட்கிறவரைக்கும் நான் என் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. கதவு திறந்தது, "இந்தா புள்ள, இந்தா, நான் வந்துட்டேன்" என்று அப்பா சொன்னது கேட்டது. அதற்குப் பிறகுதான் நான் உட்கார்ந்தேன்.

டிக்கோயா ஆஸ்பத்திரியில் ஒட்சிசன் கொடுத்து, மருந்து ஏற்றி, வார்டில் வைத்திருந்து அனுப்பினார்கள். இன்னும் கொஞ்சம் பிந்தியிருந்தால் கஷ்டம் என்று டொக்டர் அப்பாவிடம் சொல்லியிருக்கிறார். அதைக் கேட்டதிலிருந்து அப்பாவுக்கு முகம் சரியில்லை. நான் லீவு போட்டுவிட்டு வந்து சேர்ந்தேன். வீட்டுக்குக் கூட்டி வந்து, கட்டிலில் சாய்த்து உட்கார வைத்து, தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தோம். அம்மா அதை ஊதி ஊதிக் குடித்து முடிக்கிறவரைக்கும் அப்பா பொறுத்திருந்தார். அப்பா கோபப்பட்டு நான் அதிகம் பார்த்ததில்லை. அன்றைக்குப் பார்த்தேன்.

"மூனு மைலு தள்ளி ஹட்டன்ல ஓட்டோ ஓட்டற என்னைய விட்டுட்டுக் கொழும்புல இருக்கறவளக் கூப்புட்டிருக்க. அவ என்னா பறந்தா வருவா? ஊர்ல இருக்கறவன் எல்லாம் எம் பேரச் சொல்றான். தோட்டத்துல வேல வாங்கற கண்டாக்கு சொல்றான், பொலிஸ்காரன் சொல்றான், கடன்காரன் சொல்றான். நீ சாகப் போறப்பக்கூடச் சொல்ல மாட்டியா? அப்புடி என்னாத்துக்கு ஒனக்கு வெக்கம்?"

அம்மா கோப்பையைக் கீழே வைத்தாள்.

"வெக்கமா? யாரு சொன்னா வெக்கம்னு?"

"பின்ன என்னா?"

"மேல் லயத்துல ஒருத்தி புருஷனப் பேரச் சொல்லித் திட்டினாளே, ஞாபகம் இருக்கா? நான் கல்யாணம் கட்டி வந்த புதுசு. நான் பக்கத்துல நின்னேன். அந்த வாரமே அவ புருஷன் மேல மரம் விழுந்துச்சு." மூச்சு வாங்கியது, நிறுத்தினாள், பிறகு தொடர்ந்தாள். "அன்னைக்கு மழ. நீங்க எந்த வளைவுல வண்டியோட நிக்கிறீங்கன்னு எனக்குத் தெரியாது. நான் வாயத் தொறந்து பேரச் சொல்லி, அந்த நேரம் பாத்து வண்டி பொரண்டிருச்சுன்னா? எனக்கு இழுப்புத்தான். இழுக்கும், நிக்கும், மூச்சே நின்னாலும் போறது நான் ஒருத்திதான். ஒங்களுக்கு ஒன்னு ஆயிருச்சுன்னா நான் என்னா செய்வேன்?"

இப்படிப்பட்ட நம்பிக்கையை எல்லாம் யாராவது சொன்னால் தொடையில் தட்டிச் சிரிக்கிற ஆள் அப்பா. சிரிக்கவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் சித்தியும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். எனக்கு அழுகை வந்தது, அதைவிட ஆத்திரம் அதிகமாக வந்தது. மரம் விழுந்ததற்கும் பெயருக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்க வேண்டும் போல இருந்தது. மூச்சு நின்றுபோகிற நேரத்திலும் அவருடைய ஆயுசைக் கணக்குப் பார்த்துக்கொண்டு கிடந்தவளிடம் எதைச் சொல்லி வாதாடுவது.

போனை எடுத்து அவள் முன்னால் உட்கார்ந்தேன்.

"சரிம்மா. பேரு வேணாம். நீயே சொல்லு, என்னன்னு போடட்டும்? நீ சொல்றத நான் போடுறேன். ஆனா இன்னைக்கு ஒரு முடிவு தெரியாம நான் பஸ் ஏற மாட்டேன்."

அம்மா யோசித்தாள்.

"நான் மத்தவங்ககிட்ட எப்புடிச் சொல்லுவேன்? அவரு வந்துட்டாரு, அவரு சாப்புட்டாருன்னுதான சொல்லுவேன். அதையே போடு."

"அவருன்னா?"

"ஆமா."

"ஊர்ல இருக்கற ஆம்பள எல்லாம் அவருதாம்மா. பெட்டிக்கு எப்புடித் தெரியும்?"

"எனக்குத் தெரியும்ல. போடு."

நான் பிறந்ததிலிருந்து ஒரு நாளைக்கு நூறு தடவை அந்த வார்த்தையை இந்த வீட்டில் கேட்டிருக்கிறேன். ஒபிசில் பெரிய வேலை பார்க்கிறேன் என்று பெயர், இது எனக்குத் தோன்றவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு போட்டேன். பிளக்கைச் செருகினேன். "இப்ப எடு, நான் பாக்குறேன்" என்றேன்.

அம்மா பெட்டியின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். கோல் என்றாள். ஒரு தடவை அப்பாவைப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, "அவரு" என்றாள். அது எடுக்கிறேன் என்று இங்கிலீஷில் சொன்னது.

கதவோரம் நின்றுகொண்டிருந்த அப்பாவின் சட்டைப் பையில் மணி அடித்தது. வெளியே எடுத்தார். கையில் வைத்துப் பார்த்தார். எடுக்காமல் பார்த்துக்கொண்டே நின்றார். கட்டை விரலால் போன் கண்ணாடியைத் துடைத்தார், பிறகு அதே விரலால் கண்ணைத் துடைத்தார். மணி அடித்துக்கொண்டே இருந்தது.

"எடுங்கப்பா" என்று கத்தினேன். "கதைக்கிறது கேக்குதான்னு பாக்கணும். இப்புடிப் பாத்துக்கிட்டே நின்னா என்னா அர்த்தம்?"

"விடு புள்ள" என்றாள் அம்மா. "எடுக்காட்டியும் பரவால்ல. மணி அடிச்சா வந்துருவாரு."